47 முறை அழ முடியுமா?

அன்புள்ள சார்,

வணக்கம். நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டுவிழா என்று வாரக் கடைசிகளில் நிகழ்ச்சி இருக்கும். மற்ற நாட்களில் அக்கவுன்ட்ஸ் வேலை. அறுபதுகளின் ஆங்கிலப் பாடகிகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடிய ‘யூ டோன்ட் ஹாவ் டு சே யூ லவ் மீ’ பற்றி இரண்டு வரி இருந்தது. குழுவை விட்டுத் தனியாக வந்தவர்கள் பாடிய உருக்கமான பாட்டுகளில் அதற்கு நிகராக ஒன்றை நீங்கள் கேட்டதில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

யூட்யூபில் தேடிக் கேட்டேன். ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் வரும்போது. ஆங்கிலப் பாட்டு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை, பாதி வார்த்தைகள் பிடிபடவில்லை. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட் அக்கா என்னம்மா ஆச்சு என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

அப்புறம்தான் அந்தப் பாட்டின் கதையைத் தேடிப் படித்தேன். பாட்டெழுதிப் பழக்கமில்லாத இரண்டு பேர், டான்ஸ் கிளப்புக்குப் போகும் அவசரத்தில், பாதியை டாக்ஸியில் வைத்து எழுதினார்களாம். டஸ்டி அதை 47 டேக் பாடினாராம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது சார். எங்கள் குழுவில் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிற அண்ணன் எப்போதும் ‘ஃபீல் பண்ணிப் பாடும்மா’ என்பார். ஒரே பாட்டை நான்கு தடவை ரிகர்சல் பார்த்தாலே எனக்கு ஃபீல் போய்விடுகிறது. 47 தடவை பாடியவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அப்படியானால் நான் கேட்டு அழுதது எதை?

என் தோழி ஒருத்தி வேறு மாதிரி சொல்கிறாள். டஸ்டி பெண்களையும் நேசித்தவர், அந்தக் காலத்தில் அதை வெளியே சொல்ல முடியவில்லை, அந்த வலிதான் பாட்டில் இருக்கிறது, வார்த்தை யார் எழுதினால் என்ன என்கிறாள். அது சரியா?

இன்னொன்று: இந்தப் பாட்டை ரிசப்ஷனில் பாடிப் பார்க்கலாம் என்று ஆசை. பாடலாமா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் தோழி சொல்வதற்குக் கடைசியில் வருகிறேன். டாக்ஸிக்கு முன்னால் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கதை டாக்ஸியில் தொடங்கவில்லை.

1965 ஜனவரி, இத்தாலியின் சான்ரேமோ பாட்டு விழா. ஒவ்வொரு பாட்டையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பாட வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. ஒருவர் இத்தாலியர் என்றால் இன்னொருவர் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர். டஸ்டியும் போட்டியில் இருந்தார். அவர் பாடிய இரண்டு பாட்டும் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அதே விழாவில் பீனோ டொனாஜியோ என்ற இளைஞர், தான் மெட்டமைத்த ‘இயோ கே நோன் விவோ’ என்ற பாட்டைப் பாடினார். வெனிஸ் பக்கத்துப் புரானோ தீவுக்காரர், வயலின் படித்தவர், பிற்காலத்தில் சினிமாவுக்குப் பின்னணி இசை அமைத்துப் பெயர் வாங்கினார். அந்தப் பாட்டின் வரிகள் வீட்டோ பல்லவிச்சினி எழுதியவை. (பெயரில் பல்லவி இருப்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.) அரங்கில் உட்கார்ந்து கேட்ட டஸ்டிக்கு அழுகை வந்துவிட்டது. வரிகளின் அர்த்தம் அவருக்குத் தெரியாது.

அதாவது பஸ்ஸில் உங்களுக்கு நடந்தது அவருக்கு சான்ரேமோவில் நடந்தது. பாதி வார்த்தை புரியாமல் நீங்கள் அழுதீர்கள், ஒரு வார்த்தையும் புரியாமல் அவர் அழுதார். டாக்ஸியில் எழுதப்பட்ட வரிகள் அப்போது பிறக்கவே இல்லை. ஆக, உங்கள் கண்ணீருக்கு அந்த இருவரும் பொறுப்பாளிகள் அல்லர், அவர்கள் மேல் கோபப்படவும் வேண்டாம்.

டஸ்டி அந்தப் பாட்டின் ஒலித்தட்டை வாங்கி வந்து ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தார். 1966 மார்ச் 9 அன்று லண்டன் மார்பிள் ஆர்ச் பக்கத்தில் இருந்த பிலிப்ஸ் ஸ்டுடியோவில் இசையை மட்டும் பதிவு செய்தார்கள். பாட வரி இல்லை. நம் ஊரில் மெட்டுப் போட்டு டிராக் எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டு வரட்டும் என்று காத்திருப்பார்களே, அதே நிலைமைதான். டஸ்டி தன் தோழி விக்கி விக்காமிடம் கேட்டார். விக்கி ‘ரெடி ஸ்டெடி கோ!’ என்ற டிவி இசை நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். அவர் தன் நண்பர் சைமன் நேப்பியர்-பெல்லைச் சேர்த்துக்கொண்டார். சைமன் இசைக் குழுக்களின் மேனேஜர். பல வருஷம் கழித்து ‘வாம்!’ குழுவை நடத்தியவரும் அவர்தான். இரண்டு பேருக்கும் பாட்டெழுதுவது தொழில் இல்லை. வெளியே சாப்பிட்டுவிட்டு விக்கியின் வீட்டுக்கு வந்து பல்லவியை எழுதினார்கள், கிளப்புக்குப் போகிற வழியில் டாக்ஸியில் சரணத்தை எழுதினார்கள். சைமனே பின்னால் இதைச் சொல்லியிருக்கிறார், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தத் தலைப்பு வரி எப்படி வந்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இத்தாலிய மூலம் ‘நீ இல்லாமல் வாழ முடியாத நான்’ என்கிற தொனியில் இருக்கும். அந்தக் குழைவு வேண்டாம் என்று நேர் எதிராக ‘உன்னை நான் காதலிக்கவில்லை’ என்று ஆரம்பித்திருக்கிறார்கள். அது ரொம்பக் கடுமை. ‘நீ என்னைக் காதலிக்கவில்லை’ என்று திருப்பினார்கள். பிறகு ‘நீ என்னைக் காதலிக்க வேண்டியதில்லை’. மெட்டில் இன்னும் இடம் மிச்சம் இருந்தது. அதை நிரப்பத்தான் ‘காதலிப்பதாகச் சொல்ல வேண்டியதில்லை’ என்று நீட்டினார்கள். அந்த ஒரு நீட்டலில் பாட்டே வேறு இடத்துக்குப் போய்விட்டது. சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எப்போதும் கூட இருக்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் கொஞ்சம் இருந்தால் போதும் என்று பேரத்தில் இறங்கி இறங்கிக் கேட்கிற ஒருத்தி அங்கே வந்து நின்றாள். யாரும் திட்டம் போட்டு அவளைக் கூப்பிடவில்லை. மெட்டுக்குப் பாட்டெழுதுகிற எந்த மொழியிலும் இது நடக்கும். நம் சினிமாப் பாட்டின் நல்ல வரிகளில் பல, சந்தம் கேட்டதற்காக வந்து உட்கார்ந்த சொற்கள்தான். அதற்காக யாரும் அவற்றைப் போலி என்று சொல்வதில்லை.

மற்றபடி அந்த வரிகளைத் தாளில் எழுதிப் படித்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. நினைவுகள், தனிமை, வாழ்க்கை வெறுமையாகிவிட்டது, இந்த வகையறா. நான் அதற்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ரிசப்ஷன் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் அம்மா. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நிற்கும்போது, ‘நீ என்னைக் காதலிப்பதாகச் சொல்ல வேண்டாம், என்றென்றும் இருக்கவும் வேண்டாம்’ என்று பாடினால், இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெரியப்பா போதும், உங்கள் அண்ணனுக்குப் பேசிய மீதித் தொகை வராது. கம்பெனி ஆண்டுவிழாவில் பாடுங்கள்.

இப்போது 47. இந்த எண்ணிக்கை பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது, நானும் அதையே நம்புகிறேன். நீங்கள் அதை 47 முறை அழுததாகக் கணக்குப் போடுகிறீர்கள். எனக்கு அதில் 46 முறை ‘இது இல்லை’ என்று சொன்ன ஒரு பெண் தெரிகிறார்.

அழுதுகொண்டே பாட முடியாது என்பது பாடகியான உங்களுக்குத் தெரியாததா? அழுகை வந்தால் தொண்டை இறுகும், மூச்சு வெட்டி வெட்டி வரும், மேல் ஸ்தாயியில் சுருதி நிற்காது. வீட்டில் ஒரு துக்கம் நடந்த மறுநாள் மேடையேறிய எந்தப் பாடகரையும் கேட்டுப் பாருங்கள். இந்தப் பாட்டில் அழுகைபோலக் கேட்பது ஒவ்வொன்றும் தொண்டை முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும்போது மட்டுமே செய்யக்கூடியது. முதல் சரணத்தில் குரலோடு கொஞ்சம் காற்றும் கசிகிறது, ஏறக்குறையப் பேச்சு. ஒவ்வொரு வரியிலும் தாளத்துக்கு மயிரிழை பின்னால் வந்து சேர்கிறார். பல்லவியில் குரல் திறக்கும்போது அந்தக் காற்று நின்றுவிடுகிறது, ஒலி கெட்டிப்படுகிறது. வரியின் கடைசிச் சொல்லை முதலில் நேராக நிறுத்தி, அப்புறம்தான் அசைக்கிறார். கடைசியில் ‘என்னை நம்பு’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிற இடம் வரும், பிறகு சுருதி மேலே ஏறிப் பல்லவி திரும்ப வரும். அந்த ‘நம்பு’க்களை மட்டும் தனியாகக் கேளுங்கள், ஒன்றின் எடை இன்னொன்றுக்கு இல்லை. சுருதி ஏறிய பிறகு குரல் அதன் எல்லையை ஒட்டி ஓடுகிறது. கிழிந்துவிடுமோ என்று நமக்குத் தோன்றுகிறது, கிழிவதில்லை. இதையெல்லாம் உணர்ச்சி பொங்கி ஒரே டேக்கில் தற்செயலாகச் செய்துவிட முடியுமா? யாராவது செய்திருக்கலாம். நான் கேட்டதில்லை.

அந்த 46ஐயும் யார் நிராகரித்தார்கள் என்பதும் முக்கியம். தட்டின் மேல் தயாரிப்பாளராக ஜானி ஃபிரான்ஸின் பெயர் இருக்கும், நல்ல மனிதர், திறமைசாலி. ஆனால் அந்த வருஷங்களில் டஸ்டியின் பாட்டுகள் எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்ததில் பெரும்பங்கு டஸ்டியினுடையது. பெயர் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில், டெட்ராய்டின் மோடவுன் கம்பெனித் தட்டுகளில், டிரம்ஸும் பேஸும் எப்படிக் கேட்கின்றன என்று காதில் ஏற்றிக்கொண்டு வந்து, லண்டனின் வயதான வாத்தியக்காரர்களிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டவர். 1965இல் மோடவுன் கலைஞர்களை பிரிட்டிஷ் டிவியில் அறிமுகப்படுத்திய சிறப்பு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவரும் அவரே. ஹெட்போனில் இசையைக் காது வலிக்கும் அளவுக்குச் சத்தமாக வைத்துப் பாடுவார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ‘ரொம்பப் படுத்துகிற பொம்பளை’ என்று ஸ்டுடியோவில் பெயர் வாங்கினார். இதே காரியத்தை ஓர் ஆண் செய்தால் மேதை என்பார்கள். இந்த வித்தியாசம் நம் ஊர் ரெக்கார்டிங் தியேட்டர்களுக்கும் தெரியாததல்ல.

மாடிப்படிக் கதையும் இதோடு சேர்ந்ததுதான், நீங்கள் படித்த கட்டுரையில் அது இருந்ததா தெரியவில்லை. பிலிப்ஸ் ஸ்டுடியோவின் பாடும் அறையில் குரல் கேட்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. எக்கோ போதவில்லை. வெளியே மாடிப்படிக்கட்டு இருக்கும் இடத்துக்குப் போய்ப் பாடினார். பாடும் அறையின் சுவர்களை ஒலி உறிஞ்சும்படி மெத்தென்று செய்திருப்பார்கள், அங்கே குரல் வாயை விட்டு வெளியே வந்ததும் செத்துவிடும். பாடுகிறவர் தன் குரலையே கேட்க முடியாமல் தொண்டையை அழுத்துவார். படிக்கட்டுக் கிணற்றில் அப்படியில்லை, காரைச் சுவரும் கல்லும் குரலைத் திருப்பி அனுப்பும். உயரமான கூடம் என்பதால் ஒலி மேலே போய்க் கொஞ்சம் தங்கி வரும். அந்தத் திரும்பி வருகிற ஒலியின் மேல் சாய்ந்து பாடலாம். கோயில் மண்டபத்தில் மைக் இல்லாமல் ஒரு தடவை பாடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். பாட்டில் அவர் தனியாக, பெரிய காலி இடத்தில் நிற்பதுபோல ஓர் எண்ணம் உங்களுக்கு வந்திருந்தால், அவர் நிஜமாகவே அப்படித்தான் நின்றார். தனியாக, லண்டன் கட்டடம் ஒன்றின் படிக்கட்டில். வாத்தியக்காரர்கள் தங்கள் பங்கை ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தார்கள்.

மார்ச் 9இல் இசைப்பதிவு, அதே மாதம் 25ஆம் தேதி தட்டு கடைக்கு வந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் பிரிட்டனில் முதலிடம். டஸ்டிக்கு அங்கே கிடைத்த ஒரே முதலிடம் அதுதான். அமெரிக்காவில் நான்காவது இடம் வரை போனது. டஸ்டியைக் கேட்டால், பழைய பாணி உருக்கச் சரக்கு என்கிற மாதிரி அலட்சியமாகச் சொல்லியிருக்கிறார். அதையும் நான் முழுசாக நம்புவதில்லை. அலட்சியமான சரக்குக்காக யாரும் படிக்கட்டில் போய் நிற்க மாட்டார்கள்.

குழுவில் பாடியவர் என்பதைப் பற்றி என் கட்டுரையில் விரிவாக எழுதவில்லை, உங்களுக்கு அது உபயோகப்படலாம். மேரி ஓ’பிரையன் என்பது அவர் பெயர், 1939இல் லண்டனில் பிறந்தவர், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். முதலில் லானா சிஸ்டர்ஸ் என்ற மூன்று பெண்கள் குழு. 1960இல் அண்ணனோடு சேர்ந்து ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ். கிடாரும் சிரித்த முகமுமாக நாட்டுப்பாடல் பாணியில் துள்ளலாகப் பாடுகிற மூவர் குழு அது. 1962இல் அமெரிக்காவின் முதல் இருபதுக்குள் போன முதல் பிரிட்டிஷ் பாட்டுக் குழு அதுதான், பீட்டில்ஸுக்கு முன்னால். அடுத்த வருஷமே கலைத்துவிட்டுத் தனியாகப் பாட வந்துவிட்டார். ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ் பாட்டுகளை இப்போது கேட்டால் குரல் அவருடையதுதான் என்று தெரிகிறது, ஆனால் ஆள் வேறு. மூன்று பேர் சேர்ந்து பாடும்போது சொல்லைச் சேர்ந்து எடுத்துச் சேர்ந்து விட வேண்டும். ஒருவர் தாளத்துக்குப் பின்னால் தங்கினால் தப்பு. மூச்சுக்கூடப் பொது மூச்சு. நான் மேலே சொன்னேனே, மயிரிழை பின்னால் வருவது, காற்றைக் கசியவிடுவது, கடைசிச் சொல்லைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்தி அசைப்பது, இவை எல்லாமே குழுவில் தடை செய்யப்பட்ட காரியங்கள். தனியாக வந்து இரண்டரை வருஷம் கழித்துத்தான் அவற்றை எல்லாம் ஒரே பாட்டில் செய்து பார்க்கிற துணிச்சல் வந்தது. தனியாக வந்தவுடன் பாடிய முதல் பாட்டு, 1963 கடைசியில் வந்தது, ஒரே கொண்டாட்டம். அதில் இந்தத் தங்கல் எதுவும் இல்லை.

உங்கள் தோழியிடம் வருகிறேன். அவர் சொல்கிற செய்தி உண்மை. 1970இல் லண்டனின் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ பத்திரிகைப் பேட்டியில், ஆணைப் போலவே ஒரு பெண்ணும் தன்னை ஈர்க்க முடியும் என்று டஸ்டி வெளிப்படையாகவே சொன்னார். குடும்பத்தோடு டிவியில் பார்க்கிற பாடகி ஒருவர் அப்போது அதைச் சொல்வது சாதாரண விஷயமில்லை. இங்கிலாந்தில் ஆண்களின் ஒருபால் உறவு குற்றம் என்ற நிலை மாறியே மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பெண்களுக்கு அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் ஊர் வாய் இருந்தது. சொன்னதற்கு விலையும் கொடுத்தார்.

ஆனால் அதை இந்தப் பாட்டுக்குச் சாவியாக மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு காரணம் எளிது: அந்த வாழ்க்கையும் அந்த மனமும் அவர் பாடிய எல்லாப் பாட்டுக்கும் பின்னால் இருந்தவைதான். துள்ளல் பாட்டுக்கும் இருந்தன, சுமாரான பாட்டுக்கும் இருந்தன, நிறைய சுமாரான பாட்டுகள் பாடியிருக்கிறார். வலி இருந்ததால் பாட்டு நன்றாக வந்தது என்றால் மற்றவை ஏன் அப்படி வரவில்லை? இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது. ஒரு பெண் கலைஞர் நன்றாக ஒன்றைச் செய்துவிட்டால் அவர் பட்ட கஷ்டத்தில் காரணம் தேடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வேலை தெரிந்தவர் என்று சொல்ல வாய் வருவதில்லை. தோழி அன்போடுதான் சொல்கிறார், தெரிகிறது. ஆனாலும் அதில் அந்தப் படிக்கட்டும் 46 நிராகரிப்பும் காணாமல் போய்விடுகின்றன.

வாழ்க்கையிலிருந்து எதையாவது எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நான் 1964 டிசம்பரை எடுப்பேன். தென்னாப்பிரிக்காவில் கச்சேரி. நிறவாரியாகப் பிரித்து உட்கார வைத்த கூட்டத்துக்கு முன்னால் பாட மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு போனார். கேப் டவுன் பக்கத்தில் எல்லோரும் கலந்து உட்கார்ந்த அரங்கில் பாடினார். அரசாங்கம் அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட்டது. அவருக்கு அப்போது 25 வயது, தனியாகப் பாட வந்து ஒரு வருஷம். எல்லோரும் சரி என்று விட்டுவிடுகிற இடத்தில் இவர் விடமாட்டார். ஸ்டுடியோவில் ‘டேக் ஓகே’ என்று எல்லோரும் எழுந்த பிறகு ‘இன்னொன்று’ என்று சொன்னதும் அதே ஆள்தான்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் எல்லாப் பாட்டையும் 47 முறை பாட ஆரம்பித்துவிடக் கூடாது. அந்தப் பிடிவாதம் அவரையே கடித்த கதையும் உண்டு. 1968இல் மெம்ஃபிஸுக்குப் போனார். ஸோல் என்கிற அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசைவகையின் பெரிய பாடகர்கள் பாடிய ஊர், அவர்களோடு வேலை செய்த தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், அவர்களுக்கு வாசித்த மாதிரியான கைகள். மைக் முன்னால் நின்றதும் தொண்டை வரவில்லை. அந்தப் பெரியவர்களுக்குப் பக்கத்தில் நான் யார் என்ற பயம். கடைசியில் தட்டில் இருக்கிற குரலை நியூயார்க்கில் வைத்துப் பதிவு செய்தார்கள். ‘டஸ்டி இன் மெம்ஃபிஸ்’ என்பது ஆல்பத்தின் பெயர், மெம்ஃபிஸில் அவர் குரல் பதிவாகவில்லை. வந்த புதிதில் அது பெரிதாக விற்கவும் இல்லை. இன்று அவருடைய ஆகச் சிறந்த ஆல்பம் என்று அதைத்தான் சொல்கிறார்கள், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த வேலை நடந்த நாட்களில் அவருக்கு அது சந்தோஷமாக இருந்திருக்காது. அதன் பிறகு நீண்ட சரிவு. குடி, மாத்திரை, அமெரிக்காவில் மறக்கப்பட்ட வருஷங்கள். 1987இல் பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் இசைக் குழு அவரைக் கூப்பிட்டுத் தங்கள் பாட்டில் பாடவைத்தபோதுதான் இளைஞர்களுக்குத் திரும்பப் பெயர் தெரிந்தது. 1999 மார்ச்சில், மார்பகப் புற்றுநோயில் இறந்தார். இன்னும் ஒன்றரை மாதத்தில் 60 வயது ஆகியிருக்கும்.

உங்கள் ரிகர்சல் பற்றி ஒன்று சொல்லவா? நான்காவது தடவையில் ஃபீல் போய்விடுகிறது என்கிறீர்கள். போகட்டும், நல்லதுதான். முதல் மூன்று தடவையும் நீங்கள் பாட்டுக்குள் இருக்கிறீர்கள், நான்காவதில்தான் வெளியே வந்து கேட்க ஆரம்பிக்கிறீர்கள். அண்ணன் ‘ஃபீல் பண்ணு’ என்று சொல்லும்போது, அவருக்கு எந்த இடத்தில் என்ன குறைகிறது என்று திருப்பிக் கேளுங்கள். ‘இரண்டாவது வரியில் அவசரப்படுகிறாய்’ என்றோ ‘அந்தச் சொல்லை அமுக்கிவிடுகிறாய்’ என்றோ அவர் சொல்லக்கூடும். அதைத் திருத்திவிட்டுப் பாடினால் ‘இப்போதான் ஃபீல் வந்தது’ என்பார். போனில் பதிவு செய்து கேட்பதும் நல்லது, முதலில் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, அதற்காக விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பாட்டைத் திரும்பக் கேட்கும்போது இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் டொனாஜியோவின் இத்தாலியப் பதிவு. மெட்டு எவ்வளவு நல்லது என்று தெரியும், டஸ்டி அதற்கு என்ன செய்தார் என்பதும் தெரியும். பிறகு ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ் பாட்டு ஏதாவது ஒன்று. பிறகு டஸ்டி, ஹெட்போனில், பஸ்ஸில் வேண்டாம். கடைசியாக எல்விஸ் 1970இல் பாடியது. அவர் பாடினால் கேட்காமல் இருக்க முடியாதுதான், குரலுக்கு என்ன குறை. ஆனால் அவர் கெஞ்சவில்லை, ஆணையிடுகிறார். அவள் வராவிட்டாலும் அவருக்கு வேறு ஊரில் நிகழ்ச்சி இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. எல்விஸ் ரசிகர்களிடமிருந்து இதற்கு எனக்கு என்ன மாதிரிக் கடிதங்கள் வரும் என்றும் தெரியும்.

அன்புடன்.